வட்டம் போட்ட வீடு

அந்த ஆளு வட்டம் போட்ட வீடு விளங்காதுன்னு எங்க தெருவுல பேச்சு. நான் நம்பல. ஆனா ஏழாம் நம்பர் வீட்டு அக்கா வந்து அழுதப்போ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

அந்த ஆளுன்னா எங்க உரக்காரர். ரெண்டு வருஷம் முன்னாடி வெள்ளத்துல பாலம் உடைஞ்சு, பத்தொன்பது நாள் ஒரு காய்கறி வண்டிகூட உள்ள வரல. இனிமே வெளி வண்டியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாதுன்னு தெருக்கோடி காலி மனையில நாங்களே தோட்டம் போட்டோம். நாற்பது வீடும் சமையல் கழிவை மூடி போட்ட வாளியில வாசல்ல வெச்சுடணும். விடியும்போது உரக்காரர் தள்ளுவண்டியில வந்து எடுத்துட்டுப் போய் உரமாக்குவார். அவருக்குச் சம்பளம், விளையற காயில ஒரு பங்கு; மீதியைத் தெருவுக்கே மலிவா விப்போம். நான் தோட்டத்துக்குச் செயலாளர். அதாவது, நாற்பது வீட்டுக்காரங்ககிட்டயும் திட்டு வாங்குற ஆளு.

மனுஷன் வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா அவர் செய்யற விதம்தான் ஒரு மாதிரி. ஒவ்வொரு வாளியையும் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவார். மோந்து பார்ப்பார். அப்புறம் அந்த வீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு நிப்பார். சட்டைப் பையிலேருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார்.

நோட்டுல சில வீட்டு நம்பரைச் சுத்தி வட்டம் போட்டிருக்குன்னு யாரோ பார்த்துட்டாங்க. பன்னிரண்டாம் நம்பருக்கு வட்டம், நாலாம் நாள் அந்த வீட்டு டெய்லர் தையல் மிஷின் மேலயே மயங்கி விழுந்தார். முப்பதாம் நம்பருக்கு வட்டம், அந்த மாசமே அவங்க சொல்லாம கொள்ளாம வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. வட்டம் போட்ட வீட்டுப் படியில எல்லாம் காலையில ஈர மண்ணுல கால்தடம் இருக்குமாம். படியேறி கதவு வரைக்கும் வந்து, அப்படியே திரும்பிப் போன தடம். எதுவும் திருடு போனதில்ல. அதுதான் இன்னும் பயமா இருந்துது.

இப்போ ஏழாம் நம்பருக்கும் வட்டம். "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பொறுப்பேத்துப்பியா?"ன்னு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை தோட்டத்துக் கொட்டகையில கூட்டம் போட்டேன். அக்காதான் முதல்ல எழுந்து, அடுத்தவங்க வீட்டுக் குப்பையைக் கிளறிப் பார்க்கறவனை உடனே அனுப்பணும்னு சத்தம் போட்டா. அவ ஆரம்பிச்சதும் ஆளாளுக்கு எகிறினாங்க.

நான் அவர்கிட்ட நேராவே கேட்டேன். "வட்டத்துக்கு என்ன அர்த்தம்? சொல்லிட்டீங்கன்னா பிரச்சினை இல்லையே."

அவர் எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"அது சொல்றதுக்கில்லம்மா."

அனுப்பிட்டோம். நோட்டை பெஞ்சு மேல வெச்சுட்டு, திரும்பிப் பார்க்காம போனார்.

மறுநாள் வாளி எடுக்க எவனும் வரல. சத்தம் போட்ட அத்தனை பேருக்கும் அன்னிக்குன்னு பார்த்து இடுப்புவலி. நானே வண்டியைத் தள்ளிக்கிட்டுக் கிளம்பினேன். ஒரே பனி. எதிர் வீடே தெரியல. நோட்டு கையிலயே இருந்துது.

ஏழாம் நம்பர் வாளி நல்ல கனம். வண்டியில கொட்டினேன். மேல நாலு தோல். அதுக்குக் கீழ வெறும் இலை. வேலியோரம் தானா முளைக்கற, ஆடுகூட வாய் வைக்காத இலை. அதைக் கத்தியால பொடிப்பொடியா, கறிகாய் நறுக்கற மாதிரி அளவா நறுக்கி வெச்சிருந்தாங்க. அடியிலேருந்து ரெண்டு செங்கல் துண்டு விழுந்துது. சமைச்ச அடையாளமே அதுல இல்ல. வாளி நெறைஞ்ச மாதிரி தெரியணும்னே போட்டு வெச்சிருக்காங்க.

வண்டியை அங்கயே விட்டுட்டு, நோட்டுல வட்டம் போட்டிருந்த பன்னிரண்டாம் நம்பருக்கு ஓட்டமும் நடையுமா போய் அந்த வாளியைத் திறந்தேன். ஒரு கை டீத்தூள் சக்கை, அவ்வளவுதான்.

டெய்லர் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்குக் காய் வைக்கலையாம்மா?"

"என்ன காய்?"

"நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து, திங்கக்கிழமை ஆனா விடியறப்போ கதவுகிட்ட ஒரு பை காய் இருக்குமே. தோட்டத்துலேருந்து நீங்க அனுப்பறீங்கன்னுல்ல நெனச்சேன்."

நாங்க யாரும் அனுப்பல. உரக்காரர் தன் பங்குக் காயை எடுத்துட்டுப் போய் என்னதான் பண்றாருன்னு ஒருத்தரும் கேட்டதும் இல்ல. நாற்பது வீட்டுக்கும் சோறு கிடைக்கணும்னு தோட்டம் போட்ட நாங்க, எந்த வீட்டுல அடுப்பு எரியலன்னு பார்க்கவே இல்ல. அதைப் பார்த்துதான் அவர் வட்டம் போட்டிருக்கார். எனக்கு வெட்கமா இருந்துது.

திரும்பி வந்தா, ஏழாம் நம்பர் அக்கா வாசல்ல நின்னு வண்டியில கிடந்த இலையையே பார்த்துக்கிட்டிருந்தா. முகத்துல ஈயாடல.

"உனக்கும் காய் வருமா அக்கா?"

ஆமான்னு தலையை ஆட்டினா.

"யாரு வைக்கறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். ஒரு நாள் ஜன்னல் வழியா பார்த்துட்டேன். என் வீட்டு நிலைமை தெரிஞ்ச ஒரே ஆளு அவர்தான். இன்னிக்கில்லைன்னாலும் நாளைக்கு யார்கிட்டயாவது சொல்லிட்டா, இந்தத் தெருவுல நான் எப்படி நடமாடுறது? அதான் அவரை அனுப்பச் சொன்னேன்..."

நாற்பது வீட்டுக்காரங்க முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டும், அந்த மனுஷன் வாயைத் திறக்காம வேலையை விட்டுட்டுப் போனது இவளோட மானத்துக்காகத்தான்.