டாலா படகில் சொன்னது

படகு கிளம்பியதும் பனி கரையை மூடிவிட்டது. முன்னாலும் கரை இல்லை. பின்னாலும் இல்லை.

கடற்காகங்கள் மட்டும் கூடவே வந்தன. டிசம்பரில் பர்மாவின் யாங்கோன் ஆற்றுக்கு எங்கிருந்தோ வந்துவிடும். அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போகிறவர்கள் எறியும் பொரியைக் காற்றிலேயே கவ்விக்கொள்ளும்.

பக்கத்து நாற்காலியில் மிர்ச்சா. ருமேனியாக்காரர், எழுபதை நெருங்குகிறவர். டாலாவைத் தாண்டி த்வாண்டே ஊரில் பானை வனைவதைப் பார்க்க வேண்டுமாம். நான் அவருடைய வழிகாட்டி. கழுத்தில் அரசாங்க உரிமம் தொங்குகிறது. வெளிநாட்டுக்காரரிடம் அரசியல் பேசினால் உரிமம் போகும். அதற்குப் பிறகு ஆளே காணாமல் போவதும் உண்டு.

காடைமுட்டைத் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பர்மியப் பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கொண்டையில் பூ. பர்மியில் விலை கேட்டு வாங்கினேன். அவள் எங்கள் காலடியில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். ஐயாவுக்கு உப்பு தேவையில்லை, முகத்திலேயே வழிகிறது என்றாள். மொழிபெயர்த்தேன். மிர்ச்சா சிரித்துக்கொண்டே வியர்வையைத் துடைத்தார்.

பிறகு, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல, போன ஞாயிறு அவர் ஊரில் தேர்தல் என்றார். ஓட்டுப் போடாமல் விமானம் ஏறிவிட்டாராம். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் வாளி கொடுப்பார்களாம். உள்ளே எண்ணெய், சர்க்கரை. அவர் வீட்டில் எல்லா நிறத்திலும் வாளி இருக்கிறது. ஒன்றும் ஒழுகவில்லை, கட்சிகளைச் சொல்ல முடியாது என்றார்.

அடுத்த வருடம் உங்களுக்கும் தேர்தலாமே என்று கேட்டார்.

நான் கூடவே வந்த ஒரு பறவையைக் காட்டி அதன் பெயரைச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். அவருக்கும் ஒரு காலத்தில் பறவைகளின் பெயர் நிறையத் தெரிந்திருந்ததாம்.

படகு போகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. இன்ஜின் மட்டும் ஓடியது.

அவர் மனைவி எண்பத்தொன்பது டிசம்பரில் இறந்தாள். தெருவில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சன்னலை மூடப் போனவள் குண்டு பட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமே ஆட்சி விழுந்துவிட்டது. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தத் தெருவில் சுடச் சொன்ன அதிகாரி இன்று பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறான். நல்ல ஓய்வூதியம். வழக்கு இல்லை. காலையில் இருவருக்கும் ஒரே ரொட்டிக் கடை.

அப்படியானால் ஆட்சி மாறி என்னதான் வந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வரிசையில் அவனைக் காட்டி, இவன்தான் என்று சத்தமாகச் சொல்லலாம். தினமும் சொல்கிறேன். அவன் ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறான். அதுதான் வந்தது."

அது போதுமா என்று நான் கேட்கவில்லை. அவரே போதாது என்றார். ஆனால் சொல்லாத வருடங்களில் தூக்கமே இல்லை என்றார்.

பிறகு என் மோதிரத்தைப் பார்த்து, மனைவி எங்கே என்றார்.

வழக்கமான பதிலைச் சொன்னேன். இறந்துவிட்டாள். இரண்டு வருடமாகிறது. காய்ச்சல்.

காய்ச்சல் என்ற வார்த்தையை எனக்குக் கொடுத்தவர்கள், ஆணியடித்த பெட்டியுடன் வீட்டுக்கு வந்த இரண்டு பேர். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். போதகர் கல்லறையில் காய்ச்சல் என்றுதான் ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன். அன்றிலிருந்து சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் கனவில் ஹன்னாவின் நெற்றியைத் தொட்டால் சுடுகிறது.

மிர்ச்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பவில்லை.

ஒரு தடவை நானும் சத்தமாகச் சொன்னால் என்ன என்று தோன்றியது.

பர்மியில் முடியாது. படகு முழுக்கக் காதுகள். ஆங்கிலத்தில் சொன்னால் அவரையும் மாட்டிவிடுவேன். தமிழ் இருந்தது. ஹன்னா போன பிறகு வீட்டில் அதைப் பேச ஆளில்லை. இந்தப் படகில் யாருக்குத் தெரியப் போகிறது.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பனியைப் பார்த்து நின்றேன்.

"ஹன்னாவுக்குக் காய்ச்சல் வரல. பிக்குங்க அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போன அன்னிக்கு, ஜெராக்ஸ் கடை ஷட்டரை இறக்கிக்கிட்டு இருந்தா. பட்டாளத்தான் சுட்டுட்டான்."

இன்ஜின் சத்தத்தை மீறித்தான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. பறவைகள் கொஞ்சம் விலகிப் பறந்து, திரும்பவும் நெருங்கின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்ன சொன்னாய் என்று மிர்ச்சா கேட்டார். பறவையை எங்கள் மொழியில் இப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன்.

உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். முட்டைக்காரியின் கை நின்றிருந்தது. பாதி உரித்த முட்டை விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. அவள் என் கழுத்திலிருந்த உரிமத்தைப் பார்த்தாள். அதில் என் படமும் பெயரும் இருக்கின்றன.

பனிக்குள்ளிருந்து டாலாவின் படகுத்துறை மெல்லக் கரும்புள்ளியாக வந்தது. அங்கே எப்போதும் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பார்கள்.

அவள் மீதித் தோலை உரித்தாள். முட்டையை மிர்ச்சாவிடம் கொடுக்கவில்லை. என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"எங்க வீட்டுலயும் அந்தக் காய்ச்சல்தான், தம்பி."

தமிழில்தான் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை.