ஒரே ஒரு சூரை

படகு ஒன்றுக்கு வருஷத்தில் ஒரே ஒரு சூரை மீன் என்று நாடுகளெல்லாம் கூடிக் கையெழுத்திட்டிருந்தன. சாகக்கிடந்த அண்ணன் கடைசியாக ஆசைப்பட்டது அந்தச் சூரைக்குழம்புக்குத்தான். சிலுவைதாசனோ வெறுங்கையோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தான்.

"மாட்டலியால?"

"மாட்டிச்சுண்ணே. முழ நீளக் குட்டி. பழக்கதோஷத்துல கடல்லயே விட்டுட்டேன். தூண்டில்ல ஏறுனாலே நம்ம பங்கு முடிஞ்சுதாம். படகுல இருக்க கணக்கு மிஷின் கூவிட்டுது."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "குட்டியைப் பிடிச்சதுக்குச் சின்ன வயசுல உன்ன அடிச்சவனே நான்தானல."

"அடுத்த வருஷம் கண்டிப்பா கொண்டாறேண்ணே."

"ம்... கொண்டா."

அதற்குமேல் அவனால் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுக்களையிலிருந்து அண்ணியின் குரல் உற்சாகமாக வந்தது: "தேங்காய் அரைச்சாச்சு தாசா, மீனைக் கொண்டா!"