மலிவு நைலான்

மழை ஓய்ந்தும் மேகம் கலையாத கார்காலப் பிற்பகல், பாடலுக்கு முந்தைய மௌனம்போல் இசைக்கருவிக் கடையின் கண்ணாடிமேல் கவிந்திருக்கிறது. சலவைக்கூடத்துப் பெண்ணொருத்தி தந்தி அறுந்த கிதாரை மேசைமேல் கிடத்துகிறாள். அதைச் சீராக்காவிட்டால் தேவாலயத்தில் மாலை வழிபாட்டில் வாசிக்க இடமில்லை என்று பாடற்குழுத் தலைவர் சொல்லிவிட்டார். "ஸ்டீல் கம்பி போடுங்கக்கா. விலையும் கம்மி, சத்தமும் ஊரையே எழுப்பும்" என்கிறார் கடைக்காரர். "ஊரு எழுந்துடும், என் கிதாரு படுத்துடும். நைலானுக்குன்னு செஞ்சது, ஸ்டீல் இழுக்கற இழுப்புக்குப் பலகையே பிஞ்சுடும்ண்ணே. இருக்கறதுலயே மலிவான நைலானை எடுங்க." "அதைக் கத்துக்குட்டிங்கதான் வாங்குவாங்க." "இருக்கட்டும். மேல இருந்து கேக்கறவரு தந்தி உறையில இருக்கற கம்பெனிப் பேரையா பாக்கறாரு?" சோப்புக் காரத்தில் வெடித்த விரல்களால் அவள் அங்கேயே முடிச்சிடுகிறாள், புதுத் தந்தி நெகிழ நெகிழ, விடாது முறுக்குகிறாள். சுருதி சேர்ந்ததும் கண்மூடி, தனக்கே கேட்கும் மெல்லொலியில் துதிப்பாடலின் முதல் அடியை மீட்டுகிறாள். அந்த முடிச்சுகள் மாலைவரை நெகிழாதிருப்பதாக!