மண்ணில்லாமல் ஒரு சோதனை

ஒன்பதாவது முறையும் பதினொன்று.

அவள் கருவியை முறைத்தாள். அது சிவப்பு எண்களால் அவளைத் திருப்பி முறைத்தது.

மண்ணில் ஈயத்தின் அளவு ஐந்துக்குக் கீழே வரவேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. எண் இறங்காவிட்டால் பழைய பேட்டரித் தொழிற்சாலை மண்ணை யாரும் சுத்தம் செய்யப்போவதில்லை. மேலே தாரை ஊற்றி மூடிவிடுவார்கள். அவளுடைய இரண்டு வருட உழைப்பையும் சேர்த்து.

எங்கே தப்பு?

சேறாய்க் கரைத்த மண்ணில் இரும்புத்தூளைக் கலக்கிறார்கள். ஈயம் தூளோடு ஒட்டிக்கொள்கிறது. காந்த உருளை தூளை இழுக்க, ஈயமும் கூடவே வெளியேறுகிறது. எல்லாம் கனகச்சிதம். மிச்ச மண்ணை ஓர் இரவு அமிலத்தில் ஊறவைத்து அளந்தால் மட்டும், பதினொன்று.

ஊறவைக்கக் கண்ணாடி ஜாடி கேட்டு எழுதி இரண்டு மாதம் ஆயிற்று. வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்த ஜோடிப் பீங்கான் கப்புகளில் பெரியதை அவளே கொண்டுவந்தாள். வெளியே தும்பிக்கை தூக்கிய அம்மா யானை. உள்ளே பளீர் ஆரஞ்சு.

செல்போன் அடித்தது. கணவன். மகளுக்கு மறுபடியும் வயிற்றுவலியாம், இன்றைக்கும் பள்ளிக்கூடம் போகவில்லையாம். டாக்டர் கொடுத்த பூச்சி மருந்தைக் கொடுங்கள் என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தாள்.

உருளையை ஓட்டுகிற காந்தண்ணன் எட்டிப் பார்த்தார். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

“சும்மா என் உருளை மேலயே பழியைப் போடாதம்மா. மண்ணே போடாம ஊறவெச்சுப் பாரு, உன் மிஷின் அதுக்கும் பதினொண்ணுன்னுதான் சொல்லும்.”

வந்த கோபத்தில் அதையே செய்தாள். கப்பில் வெறும் அமிலம். மண்ணுக்கு வேறு பாத்திரம் இல்லை, அவருடைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். நாளைக்கு நான் சோற்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வரவா என்று புலம்பியபடி போனார்.

காலை ஒன்பதரை.

டப்பாவில் ஊறிய மண்: இரண்டு.

நம்பவில்லை. மறுபடி அளந்தாள். இரண்டு. காந்தண்ணன் விசிலே அடித்துவிட்டார்.

கப்பில் மண்ணே இல்லாத அமிலம்: ஒன்பது.

அவள் புட்டியிலிருந்து புது அமிலத்தை நேராக எடுத்து அளந்தாள். பூஜ்யம்.

அப்படியானால் ஈயம் மண்ணில் இல்லை. அமிலத்திலும் இல்லை. கப்பின் உள்பக்கத்து ஆரஞ்சுப் பூச்சில் இருக்கிறது. புளிப்பு பட்டால் கரைந்து இறங்குகிறது.

ஒரு மாதமாக இந்த யானையோடா மல்லுக்கு நின்றோம் என்று காந்தண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் குழுவின் கார் வந்து நின்றது. ஜெயித்தாயிற்று, முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றார்.

அவள் காதில் எதுவும் விழவில்லை. வீட்டு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். ஐந்து முறை மணி அடித்த பிறகுதான் கணவன் எடுத்தான். பாப்பா என்ன செய்கிறாள் என்று கேட்டாள்.

“எலுமிச்சை ஜூஸ் குடிச்சிட்டிருக்கா. அந்தக் குட்டி யானை கப்புலதான். வேற எதுல குடுத்தாலும் தொடமாட்டேங்கறாளே.”