பூவாயிக்குடிக்குப் போகும் வழி

"பூவாயி காலையில இருந்து ஒன்னையத் தேடிக் கத்திக்கிட்டே நிக்கிறா ஆத்தா. போன காரியத்த முடிச்சுட்டு வெரசா வந்து சேரு" என்றாள் அம்மா சாராள், சின்னமனூரிலிருந்து போனில்.

"அவளுக்கு வயித்துக்கு எதாச்சும் போடும்மா, அடங்கிருவா. என்னைய உள்ள கூப்பிடுறாக" என்று ஜெபஷீலா போனை அணைத்தாள்.

தேனியில் ஒரு பல்கலைக்கழக மையம். கணினியில் மேப் வரையும் ஜிஐஎஸ் துறையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு; இருப்பதோ ஒரே இடம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மூன்று வருடமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மையத்தின் தலைவர் பேராசிரியர் முத்துராஜா; ஆள் எடுப்பதற்காக வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை கஸ்தூரியம்மாள்.

முத்துராஜாவை ஜெபஷீலாவுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் ஜிபிஎஸ் கருவியோடு மேகமலை முழுக்க நடந்து, அட்டைக்கடி வாங்கி, அவள் வரைந்த மேப்பை அவருக்குத்தான் அனுப்பியிருந்தாள். 'தேறாது' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அவருக்கு இப்போது அவளை நினைவில்லை. தேறாதவர்களையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்!

அவர் பின்னாலிருந்த திரையில் ஒரு மேப் விரிந்தது.

"மேகமலைக் குடியிருப்புகள். ஆறு மாசம் கால் தேய நடந்து நானே எடுத்தது. வேலைக்கு வந்தா நீ இதுலதான் வேலை பாக்கணும்" என்றார் முத்துராஜா.

ஜெபஷீலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரையில் இருந்த ஒவ்வொரு ஓடையும் அவள் இறங்கி ஏறிய ஓடை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கிடைக்கலாம். ஜெராக்ஸ் கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

"சின்னமனூருக்காரின்னு போட்டிருக்க. எங்க, இந்தப் பூவாயிக்குடிக்கு எப்படிப் போறதுன்னு சொல்லு பாப்போம்" என்று திரையில் ஒரு புள்ளியைக் காட்டினார் முத்துராஜா.

"போக முடியாது சார்."

முத்துராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீகளா மேடம், பக்கத்து மலையில இருக்கிற ஊரு தெரியல. இவுகள்லாம் மேப்பு போட வந்துட்டாக!"

"நீங்க போயிருக்கீங்களா சார்?" என்றார் கஸ்தூரியம்மாள்.

"மூணு தடவ போயிருக்கேன். எட்டே வீடு. தங்கமான சனம். பால் இல்லாம கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தாக."

ஜெபஷீலா எழுந்து நின்றாள். "அப்படி ஒரு ஊரே கெடையாது மேடம். இது நான் வரைஞ்ச மேப்பு. எவனாச்சும் களவாண்டா மாட்டட்டும்னு அந்த ஒரு புள்ளிய மட்டும் பூவாயி பேருல பொய்யா வச்சேன்."

முத்துராஜா மேசையை ஓங்கித் தட்டினார். "ஏய், ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"என் மேப்புக்கு உங்க பேரப் போட்டு அதுல என்னையே கூலிக்கு வைப்பீகளா? வேண்டாம் சார்."

கஸ்தூரியம்மாள் திரையையும் முத்துராஜாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"அப்ப பூவாயிங்கிறது யாரும்மா?"

"எங்க வீட்டு எருமை மேடம். அதுக்குச் சாயா போடத் தெரியாது."