கதவுக்கு அந்தப் பக்கம்

"அவ கதவைத் தொறந்தாளா இல்லியா, அதை மட்டும் சொல்லுங்கண்ணா."

செங்கோட்டையன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். ஐம்பத்துநாலு வயது இருக்கும். ஜலகண்டாபுரத்தில் பிளவுஸ் தைக்கிறவள். அயோத்தியாப்பட்டணத்தில் மகன் வீட்டோடு இருக்கும் அவரைத் தேடி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"எந்தக் கதவுங்க அம்மணி?"

"நம்மூரு கொட்டாயில நீங்க ஆபரேட்டரா இருந்தப்ப ஒரு படம் ஓடுச்சுங்களே. மழை பேஞ்சா மட்டும் மனுசனா வருவான் ஒருத்தன். வெயிலடிச்சா மறைஞ்சு போயிருவான். அவனுக்காக ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பா."

"அட, அந்தப் படமா!" அவருக்குச் சிரிப்பு வந்தது. "தொண்ணூத்தொண்ணுல ஒரே வாரந்தான் ஓடுச்சு. அதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கறா?"

"நான் வெச்சிருக்கறனுங்க."

அவள் சொன்ன விதத்தில் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அந்தக் கடைசி மழைக்கு அவன் வந்துட்டான்னா, அப்புறம் மறையவே மாட்டான். அப்படித்தானுங்களே கதை? ஓட்டு மேல மழை விழுவுற சத்தம் கேக்குது. அவ லாந்தரை எடுத்துக்கிட்டு ஓடி வந்து தாழ்ப்பாள்ல கையை வெக்கறா. அதோட 'வணக்கம்' போட்டுட்டீங்க. வெளிய அவன் நின்னுட்டு இருந்தானா, இல்லை வெறும் மழைதானுங்களா?"

முப்பத்து மூன்று வருடமாக அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஊரில் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணன் மகள் கனிஷ்கா ஒரு நாள் முழுக்கப் போனில் தேடிப் பார்த்தாள். இரண்டு பாட்டுதான் கிடைத்தது, படம் எங்கேயும் இல்லை. தைத்துக்கொண்டிருக்கையில் தகரத்தின் மேல் மழை விழுந்தால், வந்திருப்பான் என்று தோன்றும். மழை நின்று, சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது, வந்திருக்க மாட்டான் என்று தோன்றும். போன வாரம் துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி, "எங்க பெரியப்பாதான் அந்தக் காலத்துல நம்ம கொட்டாயில ஆபரேட்டரு" என்று பேச்சுவாக்கில் சொல்ல, அப்போதே விலாசம் வாங்கிக்கொண்டாள்.

செங்கோட்டையனின் மனைவி குப்பாயி மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்கூட்டுக்காரரு என்னங்க பண்றாரு?"

"கல்யாணம் பண்ணிக்கலைங்கக்கா."

"ஏனுங்க?"

"அமையலீங்க."

குப்பாயி உள்ளே போய்விட்டாள்.

"இத்தனை வருசம் ஆயிருச்சு. இனிச் சொல்றதுல என்ன இருக்குது அம்மணி" என்று செங்கோட்டையன் குரலைத் தாழ்த்தினார். "படம் அதோட முடியலை."

"என்னங்கண்ணா சொல்றீங்க?"

"முத ஆட்டத்துக்கு முன்னாடி ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பிச் சுத்தறப்ப, கடைசி ரீலு மிசின்ல மாட்டிக் கிழிஞ்சு போச்சு. நாலு நிமிசப் படம் கந்தல். ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். நான் கிழிஞ்சதை வெட்டி எறிஞ்சுட்டு, அவ தாழ்ப்பாள்ல கை வெச்சதுமே 'வணக்கம்' சிலைடைப் போட்டுட்டேன். சனங்க சண்டைக்கு வரும்னு பயந்துட்டே இருந்தேன். ஒருத்தருகூடக் கேக்கலை. புதுமாதிரி எடுத்திருக்கறான்னு பேசிக்கிட்டுப் போனாங்க."

தமிழ்ச்செல்வி மோர் டம்ளரைத் தரையில் வைத்தாள். விரல்கள் அதை விட்டு வரவில்லை.

"அப்ப... அந்த நாலு நிமிசத்துல?"

"தொறப்பா. அவன் தொப்பலா நனைஞ்சு நின்னுக்கிட்டு இருப்பான். பின்னாடியே வெயில் வரும், ஆனா அவன் மறைய மாட்டான். ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு மலைப்பாதையில எறங்கிப் போவாங்க. பெருசா 'சுபம்'னு எழுத்து வரும். கொழப்பமே கெடையாது."

"சேலத்துல ஓடுனதுங்கண்ணா?"

"அது வேற பிரிண்டு, வேற படப்பொட்டிங்க. அங்க பாத்தவங்க எல்லாம் முழுசாத்தான் பாத்திருப்பாங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதைக் கேக்கறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"சும்மாதானுங்க. மனசுல கெடந்துச்சு." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "வாரனுங்கண்ணா. அக்காகிட்டச் சொல்லிருங்க."

"ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போலாமே அம்மணி?"

"இருக்கட்டுங்க."

வெயில் சுள்ளென்று அடித்தது. சேலம் பஸ்ஸில் கூட்டமே இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கதிர் அவளுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை என்றைக்கோ அடுப்பில் போட்டுவிட்டாள். ஆனாலும் அதில் ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டு இன்னொரு தடவை அவனிடம் கேட்கவும் மனம் வரவில்லை. பதிலுக்குக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தை மாதம் அவன் மாமன் மகளைக் கட்டிக்கொண்டான்.

அந்தக் கடிதத்தில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'வீட்டை எதிர்த்துக்கொண்டு உன்னோடு வருவேனா என்று கேட்டிருந்தாய், செல்வி. நேற்று இங்கே ஒரு படம் பார்த்தேன். உங்கள் ஊருக்கும் வந்திருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு, சம்மதம் என்றால் ஒரு வரி எழுது. அந்தப் படத்தின் முடிவுதான் என் முடிவும்.'