ஒரே ஒரு சந்தாதாரர்

"இன்னாமா இது, காசு கேக்குற?"

போனில் தெய்வசிகாமணி. கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அபிநயாவின் பாட்காஸ்ட்டுக்குத் தான்தான் முதல் ரசிகர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

"விளம்பரம் வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"இப்பவும் அதான் சொல்றேன். விளம்பரம் வாங்குனா வாய் அடைஞ்சிடும். நீ சுதந்திரமா பேசணும்."

"அப்ப செலவுக்கு சார்?"

"அதுக்குன்னு கேக்குறவங்ககிட்ட கையேந்தறதா? நாங்க கேக்குறதே ஒரு ஆதரவுதானேம்மா!"

வைத்துவிட்டார்.

'நம்ம பக்கம்' என்று அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் எது உடைந்து கிடக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்று அபிநயா வாராவாரம் போய்ப் பார்த்துப் பேசுவாள். மலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ஆட்களிடம் பேட்டி எடுத்து, வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்வாள். கம்மல் அடகுக்குப் போன பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது.

மாதம் ஐம்பது ரூபாய் கட்டுகிற நேயர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை வரும் நிகழ்ச்சி சனிக்கிழமை காலையிலேயே கிடைக்கும்.

அறிவிப்புக்கு லைக் குவிந்தது. கைதட்டல், கும்பிடு, நெருப்பு, இதயம் என்று விதவிதமான பொம்மைகள். 'உங்கள் குரல் எங்கள் சொத்து' என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

பணம் கட்டியது ஒரே ஒருத்தர். 'மலைநேயன்' என்று பெயர் போட்டிருந்தார்.

"ஒருத்தராவது இருக்காரே, விடு" என்றான் கணவன் சிவசங்கர்.

அடுத்த வாரம்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் நாவலடிப்பட்டி என்று சின்ன ஊர். அங்கே சிறுபாலம் உடைந்து, ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் பிள்ளைத்தாச்சியைத் தூளி கட்டித் தூக்கிவந்த கதையை அபிநயா சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைக் கேட்ட யாரோ ஒருத்தர் பைக்கில் போய் வீடியோ எடுத்துப் போட்டார்.

'பாலம் ஜம்முனு இருக்கு. இந்தம்மா இன்னா உளறுது?'

அபிநயா பதறிப்போய் ஊருக்குப் போன் போட்டாள். "நேத்துதாம்மா வந்து காங்கிரீட் போட்டுக்கினு போனாங்க" என்றார்கள். அதை அவள் எழுதினாள். யாரும் நம்பவில்லை.

அதற்கடுத்த வாரம், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கதவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே நீலக் கலரில் புதுக் கதவு.

'வியூஸுக்காகப் பொய் சொல்றா.'

'மலைய கேவலப்படுத்தாதே.'

தெய்வசிகாமணியிடமிருந்து மறுபடியும் போன். "என் நம்பிக்கையையே ஒடச்சிட்டியேம்மா. நல்லவேளை, நான் காசு கட்டல."

அன்று அபிநயா மைக்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள்.

"இனிமே வேணாங்க. அலைஞ்சி திரிஞ்சி பொய்க்காரின்னு பேர் வாங்கணுமா?"

"சும்மா அழுதுக்கினு இருக்காத" என்றான் சிவசங்கர். "அந்த மலைநேயன் மட்டும் காசு கட்டிட்டு இன்னும் வெலகாம இருக்காரே. அவருக்காவது நேர்ல ஒரு நன்றி சொல்லிட்டு நிறுத்து."

அபிநயா செய்தி அனுப்பினாள். கச்சிராயபாளையம் வந்தால் பார்க்கலாம் என்று உடனே பதில் வந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த ஓட்டலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் எழுந்து கும்பிட்டார். வாசலில் அவருடைய ஜீப், சக்கரமெல்லாம் செம்மண்.

"வாங்கம்மா, உக்காருங்க. நான்தான் மலைநேயன். பேரு செல்லமுத்து. டீ சாப்புடுறீங்களா?"

அபிநயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊரே என்னைப் பொய்க்காரின்னு சொல்லுது சார். நீங்க ஒருத்தர்தான் நம்புறீங்க."

"நம்பாம? நீங்க சொன்னது அத்தனையும் நெஜமாச்சே!"

"அவ்ளோ உறுதியா எப்படி சார் சொல்றீங்க?"

"அந்தப் பாலத்த மொதல்ல கட்டுனதே நான்தானே?"

அபிநயா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மலைல பாதி வேலை நம்ம கான்ட்ராக்ட்டும்மா" என்றார் செல்லமுத்து வெள்ளந்தியாக. "சனிக்கிழமை காலைல உங்கள கேட்ருவேன். நம்ம வேலைன்னா உடனே ஆள அனுப்பிச்சி சரி பண்ணிடுவேன். ஞாயித்துக்கிழமை ஊர் கேக்கும்போது எல்லாம் ரெடியா இருக்கும். நம்ம பேரு கெடாது பாருங்க."

"என் பேரு?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

எழுந்து திட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் அபிநயாவுக்குத் தோன்றியது. ஆனால் நாவலடிப்பட்டிக்கு இப்போது ஆம்புலன்ஸ் போகிறது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கைதட்டியவர்கள் யாராலும் அது நடக்கவில்லை.

"நிகழ்ச்சிய நிறுத்திடலாம்னு இருக்கேன் சார்" என்றாள் மெதுவாக.

செல்லமுத்து பதறிவிட்டார். "ஐயோ, அப்படிலாம் பண்ணிடாதீங்கம்மா! ஐம்பது இன்னா, ஐந்நூறா கட்டறேன். எனக்கு ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க."

"இன்னா?"

"சனிக்கிழமைக்குப் பதிலா வியாழக்கிழமையே அனுப்பிடுங்கம்மா. சிமென்ட் காயணும்ல?"